மருத்துவ ஆய்வுச் செய்தியை நம்பும் முன்: நூறு பேர் கணக்குப் போடும் முறை

"மாரடைப்பு அபாயத்தை 20 சதவீதம் குறைக்கும் ஊசி." "குடும்பத்தில் காசநோய் பரவுவதை 39 சதவீதம் தடுத்த உணவுப் பை." "மறதி நோயின் வேகத்தை 27 சதவீதம் குறைத்த மருந்து." அண்மை ஆண்டுகளில் இப்படி வந்த மூன்று செய்திகளும் பொய்யல்ல. மூன்றுக்கும் பின்னால் முறையாக நடந்த பெரிய ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் அந்தச் சதவீதத்தை மட்டும் வைத்துக்கொண்டு மயிலாப்பூரிலோ வியாசர்பாடியிலோ ஒரு குடும்பம் எந்த முடிவும் எடுக்க முடியாது. யாருக்கு, எத்தனை வருடத்தில், நூறு பேரில் எத்தனை பேருக்கு என்ற விவரம் தலைப்பில் இருக்காது. அதைத் தேடி எடுக்க மருத்துவப் படிப்பு வேண்டாம். எளிய ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த ஒருவர், ஒரு போன், ஒரு தாள், ஒரு பேனா, அரை மணி நேரம் இருந்தால் போதும்.

முதலில், நேரம் செலவழிக்கவே தேவையில்லாதவற்றைத் தள்ளிவிடுங்கள். ஆய்விதழின் பெயர், ஆண்டு, ஆய்வு நடந்த நிறுவனம் ஆகிய மூன்றில் ஒன்றுகூட இல்லாத வாட்ஸ்அப் செய்தியைப் பிறருக்கு அனுப்பாமல் அங்கேயே நிறுத்துங்கள். பெரிய மருத்துவமனை ஒன்றின் பெயரை மட்டும் ஒட்டி, "அங்கே டாக்டர் சொன்னார்" என்று வருவதும் இதே வகை. சர்க்கரை நோயையோ புற்றுநோயையோ "முற்றிலும் குணப்படுத்தும்" என்று பொருளை விற்கும் விளம்பரத்துக்கு ஆய்வுச் சான்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய சிகிச்சைகள் சட்டப்படி அந்த விளம்பரமே குற்றம்.

மூலக் கட்டுரையைப் பிடிப்பது

செய்தியிலிருந்து நான்கு விவரங்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: ஆய்விதழ், வெளியான மாதம், ஆய்வாளர் அல்லது நிறுவனத்தின் பெயர், மருந்து அல்லது நோயின் பெயர். தமிழ்ச் செய்தியில் ஆய்விதழின் பெயர் விட்டுப்போயிருந்தால், அதே செய்தியை ஆங்கில நாளிதழில் தேடுங்கள். பெரும்பாலும் அங்கே இருக்கும்.

அடுத்து பப்மெட் தளம். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்துவது. இலவசம், பதிவு செய்யவும் தேவையில்லை. மருந்தின் பெயர், நோயின் பெயர், ஆண்டு மூன்றையும் போட்டாலே பல நேரம் முதல் பக்கத்தில் கட்டுரை வந்துவிடும். வரவில்லை என்றால் ஆய்வாளர் பெயரால் தேட வேண்டும். தமிழ்ப் பெயர்கள் சிக்குவது இங்கேதான். பப்மெட்டில் குடும்பப் பெயர் முன்னால், முதலெழுத்து பின்னால், நடுவில் புள்ளி கிடையாது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லாததால் சொந்தப் பெயரே அந்த இடத்தில் உட்காரும், வி. மோகன் என்பவர் அங்கே "மோகன் வி". அப்பா பெயரைத் தன் பெயருக்குப் பின்னால் விரித்து எழுதும் ஆய்வாளர் என்றால் இது தலைகீழாகி, அப்பா பெயர் முன்னால் போய்விடும். அதனால் இரண்டு வரிசையிலும் தேடிப் பாருங்கள்.

ஆய்வுச் சுருக்கம் எல்லாருக்கும் திறந்தே இருக்கும். முழுக் கட்டுரைக்குப் பணம் கேட்டால் உடனே கட்டிவிடாதீர்கள். பக்கத்தின் வலப்புறம், பப்மெட் சென்ட்ரலில் இலவசப் பிரதி இருப்பதாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தொடர்புக்கான ஆய்வாளரின் மின்னஞ்சல் கட்டுரையிலேயே இருக்கும். இரண்டு வரி எழுதிக் கேட்டால் பலரும் மகிழ்ச்சியோடு அனுப்புகிறார்கள். வீட்டில் யாராவது ஐஐடி மெட்ராஸிலோ அண்ணா பல்கலைக்கழகத்திலோ அரசு மருத்துவக் கல்லூரியிலோ படித்தால் இன்னும் எளிது. 2025 ஜனவரி முதல் நடக்கும் "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டத்தில், மத்திய மாநில அரசுகள் நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களின் மாணவர்களுக்கு 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள் திறந்திருக்கின்றன. இது பல மாணவர்களுக்கே தெரிவதில்லை.

கட்டுரை கிடைத்ததும் படிக்கத் தொடங்கும் முன் மூன்றைப் பாருங்கள்.

ஒன்று, அது ப்ரீபிரிண்டா? மெட்ஆர்க்சிவ், பயோஆர்க்சிவ் தளங்களில் இருப்பவை பிற நிபுணர்களின் சரிபார்ப்புக்குப் போகாதவை. அந்தத் தளங்களே பக்கத்தின் மேலே அதை எழுதிவைக்கின்றன. செய்தியில் மட்டும் அந்த வரி காணாமல் போகும்.

இரண்டு, திரும்பப் பெறப்பட்டதா? பப்மெட்டில் அத்தகைய கட்டுரையின் மேல் எச்சரிக்கைப் பட்டை தெரியும். பெரிய ஆய்விதழ் என்பது மட்டும் காப்பு ஆகாது. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கோவிட் நோயாளிகளுக்கு ஆபத்து என்று 2020 மே 22-ல் லான்செட்டில் வந்த கட்டுரை, அடிப்படைத் தரவுகளைச் சரிபார்க்க முடியாமல் ஜூன் 4-ல் திரும்பப் பெறப்பட்டது. இடைப்பட்ட இரண்டு வாரத்தில் அந்தச் செய்தி உலகம் முழுக்கப் போய்விட்டது. திரும்பப் பெற்ற செய்தி அவ்வளவு தூரம் போகவில்லை.

மூன்று, ஆய்வின் பதிவு எண். மனிதர்கள் மீதான மருந்தாய்வு என்றால் சுருக்கத்தின் கடைசியில் இந்தியப் பதிவேடான சிடிஆர்ஐ எண்ணோ, அமெரிக்கப் பதிவேட்டின் என்சிடி எண்ணோ இருக்க வேண்டும். சிடிஆர்ஐ 2007 ஜூலையில் தொடங்கியது. 2009 ஜூன் 15 முதல் மருந்தாய்வுகளுக்குப் பதிவு கட்டாயம். எண்ணிலேயே ஆண்டும் மாதமும் இருக்கும். அதைத் தளத்தில் போட்டுப் பதிவைத் திறந்து, முதன்மை விளைவு (ஆய்வு முக்கியமாக அளக்கப்போவது) என்று எதை எழுதினார்கள், எத்தனை பேரைச் சேர்ப்பதாகச் சொன்னார்கள், முதல் நோயாளி சேருமுன் பதிந்தார்களா பின்பா என்று பாருங்கள். "ஆறு மாதத்தில் எச்பிஏ1சி (மூன்று மாத சராசரி சர்க்கரை அளவு) குறைவு" என்று பதிந்துவிட்டு, கட்டுரையில் "சோர்வு குறைந்தது" என்பதை முன்னால் நிறுத்தினால், முதலில் எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்று சந்தேகிக்க இடம் உண்டு. பத்து விதமாக அளந்தால் ஏதாவது ஒன்று தற்செயலாகவே நன்றாக வரும்.

எதில் சோதித்தார்கள்?

சுருக்கத்தை மேலிருந்து கீழாகப் படிக்காதீர்கள். முதலில் ஆய்வு முறை, பிறகு முடிவுகளில் உள்ள எண்கள், கடைசியாக ஆய்வாளரின் கருத்து. கருத்தை முதலில் படித்தால் எண்களை அந்தக் கண்ணோடுதான் பார்ப்போம்.

ஆய்வு முறையில் தேட வேண்டிய முதல் விவரம், சோதித்தது மனிதர்களிலா என்பது. கணினியில் மூலக்கூறைப் புரதத்தோடு பொருத்திப் பார்த்தது, கண்ணாடித் தட்டில் வளர்த்த செல், எலி, மனிதர் என்று படிகள் உண்டு. 2020-ல் கபசுரக் குடிநீரின் மூலிகைச் சேர்மங்களைக் கணினியில் பொருத்திப் பார்த்த கட்டுரைகள் பல வந்தன. அவை அடுத்து எதை ஆராயலாம் என்று காட்டும் ஆரம்பக் குறிப்புகள். குடித்தவருக்கு என்ன ஆனது என்பதை அவை சொல்லவே முடியாது. மஞ்சளின் குர்குமின் செல்தட்டில் பலவிதமாக வேலை செய்கிறது, ஆனால் வாயால் சாப்பிட்டால் ரத்தத்தில் மிகக் கொஞ்சமே சேர்கிறது. சித்த மருந்தானாலும் ஆங்கில மருந்தானாலும் கேள்வி ஒன்றுதான்: எத்தனை மனிதர்களுக்குக் கொடுத்தார்கள், யாரோடு ஒப்பிட்டார்கள்?

மிகைப்படுத்தல் செய்தியாளரிடம்தான் தொடங்குகிறது என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனின் 20 பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட 462 பத்திரிகைக் குறிப்புகளை ஆராய்ந்து 2014-ல் பிஎம்ஜே இதழில் வந்த ஆய்வில், 36 சதவீதக் குறிப்புகள் விலங்கு ஆய்வின் முடிவை மனிதருக்கு மிகையாக நீட்டியிருந்தன. 40 சதவீதம் கட்டுரையில் இல்லாத அளவுக்கு அறிவுரையை ஏற்றியிருந்தன. பல்கலைக்கழகத்தின் சொந்தக் குறிப்பையே படித்திருந்தாலும் கட்டுரைக்குப் போக வேண்டியது இதனால்தான்.

நூறு பேர் கணக்கு

மொத்த வேலையில் இதுதான் முக்கியம். தாளில் இரண்டு கட்டம் வரையுங்கள். இடப்பக்கம் சிகிச்சை பெறாத குழு, வலப்பக்கம் பெற்ற குழு. ஒவ்வொன்றிலும் நூறு பேரில் எத்தனை பேருக்கு நோய் வந்தது என்று எழுதி, கழியுங்கள். பிறகு 100-ஐ அந்த வித்தியாசத்தால் வகுங்கள். வருவது, ஒருவருக்குப் பலன் கிடைக்க எத்தனை பேர் சிகிச்சை எடுக்க வேண்டும் என்ற எண்.

சென்னையில் நடந்த ஆய்வையே எடுத்துக்கொள்வோம். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினரின் இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-ல் வெளியானது. சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் மூன்று வருடத்தில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடைப்பயிற்சி, உணவு மாற்றம் செய்த குழுவில் 39.3 பேருக்கு.

55 − 39.3 = 15.7
100 ÷ 15.7 = 6.4

அதாவது ஆறு ஏழு பேர் மூன்று வருடம் விடாமல் நடந்து, சாப்பாட்டை மாற்றினால் அவர்களில் ஒருவருக்கு அந்தக் காலத்தில் சர்க்கரை நோய் வராமல் போகிறது. தலைப்பில் போடும் 28.5 சதவீதம் எப்படி வருகிறது? 15.7-ஐ 55-ஆல் வகுத்தால் வரும். இரண்டு எண்ணும் சரிதான். ஆனால் 6.4 என்ற எண்ணை வைத்துத்தான் ஒருவர் தனக்குத்தானே முடிவு செய்ய முடியும். அதே ஆய்வில் மெட்ஃபார்மின் மாத்திரைக் குழுவில் 40.5, மாத்திரையும் நடையும் சேர்ந்த குழுவில் 39.5. இரண்டையும் சேர்த்ததால் கூடுதல் பலன் இல்லை. செய்தியில் அடிக்கடி விடுபடுவது இந்த வரிதான், நமக்கோ அதுதான் பயன்படுவது.

இப்போது ஊசி. உடல் எடையைக் குறைக்கும் செமாக்ளுடைட் மருந்தின் செலக்ட் ஆய்வு, 2023-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. 17,604 பேர். சராசரியாக மூன்று வருடத்துக்கு மேல் கவனித்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் இவற்றில் ஏதாவது ஒன்று, மருந்துப்போலிக் குழுவில் (மருந்தில்லாத ஊசி போட்டவர்கள்) நூற்றுக்கு 8 பேருக்கு. ஊசிக் குழுவில் 6.5 பேருக்கு.

8.0 − 6.5 = 1.5
100 ÷ 1.5 = சுமார் 67

67 பேர் மூன்று வருடத்துக்கு மேல் வாரம் ஒரு ஊசி போட்டால் ஒருவருக்கு இந்தக் கேடுகளில் ஒன்று தவிர்கிறது. முன்னதில் 28 சதவீதம், இதில் 20 சதவீதம். தலைப்பில் பக்கத்துப் பக்கத்து எண்கள் போலத் தெரிகின்றன. நூறு பேர் கணக்கில் ஒன்று 16, இன்னொன்று 1.5. காரணம், முதல் ஆய்வில் நோய் வரும் வாய்ப்பே மிக அதிகம், இரண்டாவதில் குறைவு. இதற்காக ஊசி பயனற்றது என்று முடிவு கட்டக் கூடாது. தவிர்வது மாரடைப்பு, அதன் எடை வேறு. இரண்டு பக்கமும் எழுதிவிட்டுப் பிறகு எடை போடுங்கள். பக்கவிளைவால் மருந்தை நிறுத்தியவர்கள் ஊசிக் குழுவில் நூற்றுக்கு 16.6, போலிக் குழுவில் 8.2. இதுவும் அதே தாளில் வர வேண்டும். நல்லதற்கு மட்டும் கணக்குப் போட்டுக் கெட்டதற்குப் போடாமல் விடுவதுதான் இந்த முறையில் அடிக்கடி நடக்கும் தவறு.

யாரைச் சேர்த்தார்கள் என்பதையும் பாருங்கள். செலக்ட் ஆய்வில் இருந்தவர்கள் 45 வயதுக்கு மேற்பட்டவர்கள், ஏற்கெனவே இதய ரத்தநாள நோய் உள்ளவர்கள், உடல் நிறைக் குறியீடு 27-க்கு மேல், சர்க்கரை நோய் இல்லாதவர்கள். கல்யாணத்துக்கு முன் ஐந்து கிலோ குறைக்க நினைக்கும் 28 வயதுக்காரருக்கு இந்த 1.5 பொருந்தாது.

உங்கள் கழித்தலும் கட்டுரையின் சதவீதமும் துல்லியமாக ஒத்துப்போகாவிட்டால் பதற வேண்டாம். செலக்டில் 1.5-ஐ 8-ஆல் வகுத்தால் 19-க்குப் பக்கம் வரும், கட்டுரை 20 என்கிறது. ஒவ்வொருவரும் ஆய்வில் இருந்த காலத்தையும் கணக்கில் சேர்ப்பதால் இந்தச் சிறு வேறுபாடு வரும். பத்து இருபது என்று விலகினால்தான் எங்கோ தவறான வரியை எடுத்திருக்கிறீர்கள் என்று பொருள்.

எண்ணுக்குப் பக்கத்தில் 95 சதவீத நம்பக இடைவெளி என்று இரண்டு எண்கள் இருக்கும். செலக்டில் அபாய விகிதம் 0.80 (போலிக் குழுவின் அபாயத்தில் 80 சதவீதம்), இடைவெளி 0.72 முதல் 0.90 வரை. உண்மையான பலன் 28 சதவீதமாகவும் இருக்கலாம், 10 சதவீதமாகவும் இருக்கலாம் என்று புரிந்துகொள்ளுங்கள். இடைவெளிக்குள் 1 என்ற எண் (இரண்டு குழுவும் சமம் என்று பொருள்) விழுந்துவிட்டால், பலன் இருப்பதாக அந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. விகிதங்களுக்கு 1, வித்தியாசங்களுக்கு 0. இதைத் தாளின் மூலையில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

யாரோடு ஒப்பிட்டார்கள்?

மருந்து எடுத்தவர், எடுக்காதவர் என்று தானாகப் பிரிந்த இரண்டு கூட்டங்களை ஒப்பிட்டால் ஏமாற நேரும். மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் மாத்திரை எடுத்த பெண்களுக்கு இதய நோய் குறைவு என்று கவனிப்பு ஆய்வுகள் பல ஆண்டுகள் காட்டிவந்தன. அமெரிக்காவில் 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2002-ல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் இதய நோய் போலிக் குழுவில் 30, மாத்திரைக் குழுவில் 37. மாத்திரை எடுத்தவர்கள் முன்பு ஆரோக்கியமாகத் தெரிந்ததற்கு, அவர்கள் படிப்பும் வசதியும் டாக்டரிடம் அடிக்கடி போகும் வழக்கமும் உள்ளவர்கள் என்பது பெரிய காரணம். "தினம் காபி குடிப்பவர்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள்" வகைச் செய்திகளுக்கும் இதே கேள்வியைப் போடுங்கள். கட்டுரையில் "தொடர்புடையது" என்றிருப்பது செய்தியில் "காரணம்" என்று மாறியிருக்கிறதா என்று தேடினால் போதும்.

குலுக்கல் முறையின் வலிமைக்கு இந்த ஊரே சான்று. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு பாதியை சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையிலும் மறு பாதியை வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தது. வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் ஓய்வும் குறைவு, வீடுகளில் நெருக்கடி. ஆனாலும் இரண்டு குழுக்களும் கிட்டத்தட்ட ஒரே அளவில் குணமாயின, வீட்டாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. 1959-ல் வெளியான இந்த முடிவுதான் காசநோயாளிகளை மாதக்கணக்கில் வீட்டை விட்டுப் பிரிக்கும் வழக்கத்தை உலகம் கைவிட வழி வகுத்தது. இரண்டு குழுக்களும் ஒரே மாதிரியானவர்கள் என்பதால்தான் அந்த முடிவை யாராலும் தள்ள முடியவில்லை.

இடம் மாறினால் முடிவும் மாறலாம் என்பதற்கும் பக்கத்திலேயே சான்று உண்டு. பிரிட்டனில் 1950-களில் பள்ளி மாணவர்களிடம் பிசிஜி தடுப்பூசி காசநோயை நன்றாகத் தடுத்தது. 1968-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் தொடங்கிய ஆய்வை 15 வருடம் தொடர்ந்து பார்த்ததில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை. நம் சூழலில் மண்ணிலும் நீரிலும் உள்ள மற்ற மைக்கோபாக்டீரியாக்கள் (காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகள்) ஏற்கெனவே உடலைப் பழக்கிவைப்பது முக்கியமான விளக்கமாகச் சொல்லப்படுகிறது. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோயை பிசிஜி தடுக்கிறது, அதனால் பிறந்ததும் போடுகிறோம். அதை நிறுத்தச் சொல்லும் செய்தி அல்ல இது. ஒரே தடுப்பூசி யாருக்கு, எந்த நோய்க்கு, எந்த ஊரில் என்பதைப் பொறுத்து வேறு பதில் தருகிறது.

உணவுப் பை ஆய்வையும் இப்படியே படியுங்கள். 2023-ல் லான்செட்டில் வந்த ரேஷன்ஸ் ஆய்வில் சென்னை நிறுவனமும் பங்கேற்றது. ஆனால் ஆய்வு நடந்தது ஜார்கண்டின் நான்கு மாவட்டங்களில். நோயாளிகளில் பெரும்பாலோர் எடை குறைந்தவர்கள். வீட்டில் உள்ள பெரியவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு கொடுத்தார்கள். வீட்டாருக்கு உணவு தராத குழுவில் நூற்றுக்கு 2.6 பேருக்கு வந்த காசநோய், தந்த குழுவில் 1.7 பேராகக் குறைந்தது. 0.9 என்றால் சிறிய எண்ணாகத் தோன்றலாம். கொடுத்தது அரிசி, பருப்பு, பக்கவிளைவு இல்லை, செலவு கொஞ்சம், தவிர்வதோ காசநோய். இங்கே 110 பேருக்கு ஒருவர் என்பதும் சிறந்த பலன். ஆனால் போதுமான எடையுள்ள ஒரு குடும்பம் காசநோய்க்குப் பயந்து புரதப் பவுடர் டப்பா வாங்க இந்த ஆய்வு ஆதாரமில்லை.

எதை அளந்தார்கள்?

மறதி நோய் மருந்தான லெக்கனமாப் ஆய்வில் 1,795 பேர். 18 மாதத்தில் நோயின் வேகம் 27 சதவீதம் குறைந்தது என்பது 18 புள்ளி அளவுகோலில் 0.45 புள்ளி வித்தியாசம். ஸ்கேனில் மூளை வீக்கம் தென்பட்டவர்கள் மருந்துக் குழுவில் நூற்றுக்கு 12.6, போலிக் குழுவில் 1.7. அம்மாவுக்கு இந்த ஊசி வேண்டும் என்று கேட்கும் பிள்ளைகள் டாக்டரிடம் போடவேண்டிய கேள்வி: அந்த 0.45 புள்ளி அவருடைய அன்றாடத்தில் எப்படித் தெரியும்? அளவுகோலின் மொத்தப் புள்ளி என்ன என்று பார்க்காமல் சதவீதத்தை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

"மிகத் துல்லியம்" என்ற பரிசோதனைச் செய்தி

புதிய ரத்தப் பரிசோதனை புற்றுநோயை முன்கூட்டியே சொல்லும் என்ற செய்தி வந்த கையோடு, மாஸ்டர் செக்கப் பட்டியலில் கட்டிக் குறியீட்டுப் பரிசோதனைகளும் (புற்றுநோய்க் கட்டியின் தடயத்தை ரத்தத்தில் தேடும் ட்யூமர் மார்க்கர்) ஏறிவிடுகின்றன. இதற்கு ஆயிரம் பேர் கணக்கு. எந்த அறிகுறியும் இல்லாத ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு நோய் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனை நோயாளிகளில் 90 சதவீதத்தைப் பிடிக்கும். நோயில்லாதவர்களில் 5 சதவீதத்தைத் தவறாகக் காட்டும். பத்தில் 9 பேர் பிடிபடுவார்கள். மீதி 990 பேரில் சுமார் 50 பேருக்குத் தவறான எச்சரிக்கை. "பாசிட்டிவ்" என்ற தாளோடு வருபவர் 59 பேர், உண்மையில் நோயுள்ளவர் 9. மற்ற 50 குடும்பங்களும் ஸ்கேன், பயாப்ஸி, தூக்கமில்லாத இரவுகள் என்று அலைய வேண்டியிருக்கும். அறிகுறி உள்ளவரிடமோ, சிகிச்சையில் இருப்பவரிடமோ அதே பரிசோதனை நன்றாக உதவும். அங்கே நோயிருக்கும் வாய்ப்பு ஏற்கெனவே அதிகம். ஆகவே செய்தியில் தேட வேண்டியது, யாரிடம் சோதித்தார்கள், தவறான எச்சரிக்கை எத்தனை சதவீதம் என்பவை.

"புற்றுநோய்ப் பட்டியலில்" என்று வந்தால்

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை பொருட்களை வகைப்படுத்துவது, புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்பதற்கு எவ்வளவு உறுதியான சான்று இருக்கிறது என்பதை வைத்து. எவ்வளவு ஆபத்து என்பதை வைத்து அல்ல. அதனால் சிகரெட்டும் பதப்படுத்திய இறைச்சியும் ஒரே முதல் வகுப்பில் இருக்கின்றன. 2பி வகுப்பு என்றால் சான்று குறைவு. 2023 ஜூலையில் செயற்கை இனிப்பான அஸ்பார்டேமை 2பி-யில் சேர்த்தார்கள். அதே நாளில் உணவுச் சேர்க்கைக்கான நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய தினசரி வரம்பை மாற்றாமல் விட்டது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 2,400 மில்லிகிராம். ஒரு டயட் பானத்தில் 200 முதல் 300 மில்லிகிராம் என்றால் எட்டு முதல் பன்னிரண்டு டின். 2பி பட்டியலில் "ஊறவைத்த காய்கறிகள்" என்றும் ஒரு வரி உண்டு. அது கிழக்காசிய முறையில் நொதிக்க வைத்தவற்றைப் பற்றியது. வடுமாங்காய்க்கு அதை ஒட்டிச் சொல்ல முடியாது. நம் ஊறுகாயில் கவனிக்க வேண்டியது உப்பு, அதுவும் ரத்த அழுத்தக்காரருக்கு.

டாக்டரிடம் எடுத்துப் போவது

கணக்கு நன்றாக வந்தாலும் மாத்திரையை நீங்களே கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். அரை பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். கட்டுரையின் பெயரும் ஆண்டும். நீங்கள் போட்ட நூறு பேர் கணக்கு ஒரு வரி. இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளும் அளவோடு, சித்த ஆயுர்வேத மருந்துகள் உட்பட. கடைசி எச்பிஏ1சி, கிரியாட்டினின், ரத்த அழுத்தம். கேள்வி ஒன்றே ஒன்று: "இந்த ஆய்வில் இருந்தவர்கள் என்னைப் போன்றவர்களா?" அரசு மருத்துவமனை ஓபியில் கிடைக்கும் சில நிமிடங்களில் செய்தியை விவரித்துக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும், இந்தக் கேள்விக்கு டாக்டரால் உடனே பதில் சொல்ல முடியும். மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கு வருகிறதென்றால், கொண்டுவரும் தன்னார்வலரிடம் அளவை மாற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரைத்தான் கேட்க வேண்டும்.

ஸ்டெம் செல் சிகிச்சை என்று பணம் கேட்டால் நின்று யோசியுங்கள். 2017-ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டுதல்படி, ரத்த நோய்கள் போன்ற ஏற்கப்பட்ட சிலவற்றைத் தவிர மற்றவை ஆய்வுக்குள் மட்டுமே நடக்கலாம். ஆய்வில் பங்கேற்பவரிடம் அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. ஆய்வில் சேர அழைப்பு வந்தால் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படியுங்கள், நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். கையெழுத்திட்ட பிரதி ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். ஆய்வால் உடலுக்குக் கேடு வந்தால் இலவச சிகிச்சை, இழப்பீடு ஆகியவை 2019 விதிகளில் உள்ள உரிமைகள். எந்த நேரமும் விலகலாம். விலகுவதால் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது.

புதிய மருந்தைத் தொடங்கிய பிறகு தடிப்பு, மயக்கம், விடாத வாந்தி போன்ற எதுவும் வந்தால் முதலில் டாக்டர்; அதன் பிறகு மருந்துப் பக்கவிளைவுக் கண்காணிப்புத் திட்டத்தின் இலவச எண் 1800-180-3024. நோயாளியோ வீட்டாரோ நேரடியாகச் சொல்லலாம். மருந்து, தொகுப்பு எண், தொடங்கிய தேதி, அறிகுறி வந்த தேதி இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். அட்டையில் தொகுப்பு எண் அச்சாகியிருக்கும் ஓரத்தைக் கிழித்து எறிந்துவிடாமல், அந்தப் பக்க மாத்திரையைக் கடைசியாகச் சாப்பிடுங்கள்.